டயரைக் கழற்றாமல் அடித்த மஞ்சள்

டிராக்டரின் பின் சக்கரம் எனக்குக் கழுத்து உயரம். அதன் முன்னால் மணலில் மண்டி போட்டு உட்கார்ந்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகைகளைச் செருகிக்கொண்டிருந்தேன்.

ஒரு பத்திரிகையின் ஓரம் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். இடுக்கு விட்டால் அது வழியாகப் பெயின்ட் போய் டயரில் உட்கார்ந்துவிடும். கறுப்பு ரப்பரில் மஞ்சள் தீற்றல் விழுந்தால் பார்க்கச் சகிக்காது. அதனால் ஒவ்வொன்றாக, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்கினேன். பாதிச் சக்கரம் முடிந்தபோது, கறுப்பு வட்டத்துக்குள் ரோஸ் நிற அட்டைகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன.

முகத்துவாரக்குப்பத்துக் கடற்கரையில் வெயில் இன்னும் ஏறவில்லை. காயும் வலையின் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகை வளையாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பெயின்ட் அடிக்கிறவளுக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது.

"இது நம்ம வூட்டுப் பத்திரிக்கை இல்ல?"

பின்னால் குரல் கேட்டது. என் மகள் நித்யாவின் மாமியார், தேசராணி. அந்த டிராக்டருக்குச் சொந்தக்காரரும் அவர்தான், அதை ஓட்டுகிறவரும் அவர்தான்.

அந்த அட்டைகளில் தங்க எழுத்தில் இரண்டு வீட்டுப் பெயர்களும் அச்சாகியிருந்தன. அவர் பெயரும் இருந்தது.

"ஆமாங்க சம்மந்தி. பரண்ல ஒரு கட்டு அப்டியே கெடந்துது. அட்டை கெட்டியா, வழுவழுன்னு கீது, பெயின்ட்டு ஊறாது. அதான்..."

அவர் குனிந்து, கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு அதை என்னிடமே நீட்டினார்.

"சொருவுங்கோ. எம்பேரு மட்டும் வெளியே தெரியறாப்ல வையுங்கோ."

சிரித்தாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் முகம் அப்படி.

பத்திரிகை இருந்தது, பந்தி இல்லை

ஊரடங்கு வருஷத்தில் நடந்த கல்யாணம் அது. என் மகள் கொருக்குப்பேட்டைக்காரி. மாப்பிள்ளை ஜீவா எண்ணூர் முகத்துவாரத்துக் கடற்காரப் பையன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து, பேசி, வீட்டில் சொல்லி, இரண்டு பக்கமும் முறைத்து, பிறகு சம்மதித்து, மண்டபம் பார்த்து, பத்திரிகையும் அடித்து வந்தாகிவிட்டது. அந்த வாரமே ஊரை அடைத்துவிட்டார்கள்.

கோயில் வாசலில், முகமூடி போட்டுக்கொண்டு, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்களோடு தாலி கட்டினார்கள். பந்தி இல்லை, மேளம் இல்லை. சம்பந்திகள் எட்ட நின்று கும்பிட்டுக்கொண்டோம். அந்த எட்ட நிற்பது அப்படியே நின்றுவிட்டது. ஊரடங்கு போனது, முகமூடி போனது. எனக்கும் தேசராணிக்கும் நடுவில் மட்டும் அந்த இடைவெளி போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "நல்லா கீறீங்களா?" "கீறேங்க." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வார்த்தை வராது. பேசிப் பழகவே வாய்ப்பில்லாமல் சொந்தமாகிவிட்டவர்கள் நாங்கள்.

கடற்கரை ஆட்களோடு சம்பந்தம் வைத்தது என் பக்கத்து உறவில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ரயில்வே லைன் ஓரத்துப் பெண்ணை எடுத்தது அவர் பக்கத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. தேசராணிக்கு என்ன நினைப்பு என்று மட்டும் எனக்குத் தெரியாமலே இருந்தது.

கையில் கன் வந்த கதை

நான் பெயின்டர். சுவருக்கு அடிக்கிற பெயின்டர் இல்லை, வண்டிக்கு அடிக்கிறவள்.

திருவொற்றியூரில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஷெட் ஒன்றில் எமரித் தாள் தேய்க்கிற வேலைக்குத்தான் முதலில் போனேன். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, துடைப்பது, மறுபடி தேய்ப்பது. பெண்களுக்கு அந்த வேலைதான் கொடுப்பார்கள். பெயின்ட்டைப் பீய்ச்சுகிற ஸ்ப்ரே கன் பிடிப்பது ஆண்கள். ஒருமுறை பெயின்டர் அம்மை போட்டுப் படுத்துவிட்டார். வண்டிக்காரர் வாசலில் வந்து கத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாருக்காச்சும் புடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது. ஆனாலும் கையை நீட்டினேன்.

கன் விசையை அழுத்தினதும் முன்னால் ஒரு மெல்லிய புகை விரிந்தது. அது தகரத்தில் போய் உட்கார்ந்ததும் நிறமாக மாறிவிட்டது. அன்றைக்கு ஏற்பட்ட ஆச்சரியம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. துரு, ஒட்டு, வெல்டிங் தழும்பு எல்லாம் ஒரே வீச்சில் மறைந்து, ஒரு புதுப் பொருள் கண் முன்னால் பிறக்கிறது. எத்தனையோ லாரிகளுக்கு அடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த முதல் வீச்சில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிக்கிற இடத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "உனக்கு பெயின்ட்டு வாடை இல்லன்னா தூக்கம் வராது" என்று கேலி செய்வார். அவர் சட்டையிலும் அதே வாடைதான்.

டயருக்குள் தண்ணீர்

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் நித்யா போன் செய்தாள்.

"யம்மா, அத்தை ஒண்ணு கேக்க சொன்னாங்க. டயரக் கழட்டாமலே ரிம்முக்கு பெயின்ட் அடிக்க முடியுமாம்மா?"

"அவங்களே கேக்க மாட்டாங்களா?"

"உன்கிட்ட பேச கூச்சமாம்."

அந்த ஆளுக்குக் கூச்சமா என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் அந்த டிராக்டர் உழுவதற்கு இல்லை. கரைக்கு வரும் ஃபைபர் படகுகளை மணலுக்கு மேலே இழுத்துப் போட அது வேண்டும். முன்பெல்லாம் ஆட்கள் கூடித் தள்ளுவார்கள். இப்போது படகும் பெரிது, எஞ்சினும் கனம். படகுகள் திரும்பி வருகிற நேரத்தில் ஆண்கள் எல்லோரும் அந்தப் படகுகளில்தான் இருப்பார்கள். கரையில் நின்று வண்டி ஓட்ட யார் இருக்கிறார்கள்? தேசராணியின் வீட்டுக்காரர் காசிமேட்டு விசைப்படகில் போகிறவர், வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் தேசராணியே ஓட்டப் பழகிக்கொண்டார்.

உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி ரிம் முழுக்கத் துரு. செதில் செதிலாக உதிர்ந்தது. இப்படியே விட்டால் ஓட்டை விழுந்துவிடும். மெக்கானிக், டயரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவா என்றிருக்கிறார். பின் டயர்களுக்குள் கனத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மணலில் சக்கரம் வழுக்காமல் இருப்பதற்கு அந்தக் கனம் வேண்டும். கழற்றினால் தண்ணீரை வடிக்க வேண்டும், திரும்ப நிரப்ப வேண்டும், வண்டி நாள்கணக்கில் படுத்துவிடும். படகுகளைக் கரையேற்ற வேறு வழியில்லை.

"கழட்ட வேணாம்னு சொல்லு. நான் வர்றேன்" என்றேன்.

ஷெட்டில் சொல்லி, சின்ன கம்ப்ரசரையும் கன்னையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மகள் கல்யாணமான பிறகு சம்பந்தி வீட்டில் நான் தங்கியது அதுதான் முதல் தடவை.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினோம். எமரி தேய்த்தோம். அடிப்பூச்சாகச் சிவப்புப் பிரைமர் பூசிக் காயவைத்தோம். தேசராணியும் என் கூடவே உட்கார்ந்து தேய்த்தார். அவர் கை என் கையைவிட இரண்டு மடங்கு வேகம்.

டயரைக் கழற்றாமல் ரிம்முக்கு அடிப்பதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட வேண்டும். காற்றடிக்கிற வால்வு மேலே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பினால் தண்ணீர் கீழே நிற்கும், காற்று மட்டும் இறங்கும். காற்று இறங்கினதும் டயரின் ஓரம் இளகி, ரிம்மை விட்டு நூல் அளவு விலகும். அந்த விலகலில் அட்டையைச் செருக வேண்டும். மீதி ரப்பரில் சோப்பைக் குழைத்துக் கெட்டியாகத் தடவிவிட்டால், மேலே பெயின்ட் தெறித்தாலும் கழுவும்போது சோப்போடு வந்துவிடும்.

ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பழைய அட்டைகளை வைத்து முன் சக்கரங்களையும் வலது பின் சக்கரத்தையும் முதல் நாளே முடித்துவிட்டேன்; அதோடு அந்த அட்டைகள் தீர்ந்துவிட்டன. காற்றையும் திரும்பப் பிடித்தாகிவிட்டது. நிறம் அவர் சொன்னதுதான்: பளீர் மஞ்சள். வலது சக்கரம் முடிந்ததும் அவர் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"புது வண்டி கணக்கா கீது" என்றார். அவர் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

காற்று திரும்பியது

இடது சக்கரத்துக்கு அட்டை செருகி முடித்து, கன்னை எடுத்தேன். மேலிருந்து கீழாக ஒரு வீச்சு, பக்கவாட்டில் ஒரு வீச்சு. பிரைமரின் சிவப்பு மேல் மஞ்சள் படிந்து, ஈரத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. என் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது.

கடைசி வீச்சு முடியும்போது கன்னிலிருந்து வந்த புகை திடீரென்று என் முகத்துக்கே திரும்பியது. நிமிர்ந்து பார்த்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்த அனல்மின் நிலையத்துப் புகை, ஒடிந்து, நிலத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வடகிழக்கில் வானம் ஈயம் மாதிரி கறுத்திருந்தது.

கடலும் மாறிவிட்டது. காலையில் கரையை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது எழுந்து விழுந்தது. முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடலும் மோதுகிற இடத்தில், மணல்திட்டுக்கு மேலே, வெள்ளையாகப் பொங்கியது. பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கேட்காத இரைச்சல்.

விடியலில் போன படகுகள் ஒவ்வொன்றாக அவசரமாகத் திரும்பின. சில பின்பக்கத்து ஆற்றுக்குள் புகுந்துகொண்டன. கரையில் வந்து இடித்தவற்றைப் பெண்களும் பெரியவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். டிராக்டர் ஜாக்கியின் மேல் நின்றது.

அப்போது ஏழுமலை ஓடிவந்தார். தேசராணியின் கொழுந்தன், அன்றைக்குக் கடலுக்குப் போகாதவர்.

"அண்ணி! ஜீவா போட்டு திட்டுல மாட்டிக்கிச்சு! மிஷினு நின்னுபோச்சு!"

நான் பார்த்தேன். திட்டுக்கு இந்தப் பக்கம், நுரைக்கு நடுவில், ஒரு நீலப் படகு குறுக்காகத் திரும்பி நின்றது. அதில் மூன்று பேர். என் மாப்பிள்ளையும் அவன் தோஸ்துகள் இரண்டு பேரும். ஒருவன் துடுப்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அலை வந்தபோது படகு ஒருபக்கமாக எழும்பி, அடிப்பாகம் தெரிந்தது. இறங்கியபோது படகே தெரியவில்லை. திரும்பத் தெரிகிற வரை நான் மூச்சு விடவில்லை.

"போட்டுங்க ஏதாச்சும் போவ முடியாதா?" என்று கேட்டேன்.

"அந்தத் தாவுக்கு எது போனாலும் கவுந்துரும்" என்றார் ஏழுமலை. "இங்கேருந்து கயிறு கட்டி இஸ்த்தாதான் உண்டு."

தேசராணி கத்தவில்லை, அழவில்லை. கடலைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வண்டிய எறக்கலாமா?"

"இந்தப் பக்கம் காத்து பாதிகூட இல்லீங்க. பலமா இஸ்த்தா டயரு ரிம்ம வுட்டு எகிறிடும். அப்டி ஆனா வண்டியே சாஞ்சிரும்."

"காத்து புடிக்க?"

"நம்ம கம்ப்ரசரு சின்னது. நேரமாவும்."

அவர் மறுபடி ஒருமுறை கடலைப் பார்த்தார்.

"நேரம் இல்ல. காத்து கம்மினா மணல்ல அகலமா குந்தும், அது நல்லதுதான். டயரு கழண்டுக்கப் போவுதுன்னா முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஓரம் பிரியும்."

"அப்போ நீ என் கூடவே வா. சக்கரத்த மட்டும் பாரு. பிரிஞ்சா கத்து. நித்யாவுக்கு யாரும் போன் போடாதீங்க."

அதுவரை நாங்கள் "நீங்க, வாங்க"தான். அந்த "நீ" எப்போது வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

கடலுக்குள் பின்னோக்கி

ஜாக்கியை இறக்கினேன். இளகிய டயர் மணலில் பரந்து உட்கார்ந்தது. கைக்கு எட்டின அட்டைகளை உருவி எறிந்தேன். அதற்குள் எஞ்சின் இரைந்தது.

தேசராணி புடவையை வாரிச் செருகிக்கொண்டு, உடம்பைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தபடியே வண்டியைக் கடலுக்குள் இறக்கினார். பின் சக்கரங்கள்தான் முதலில் தண்ணீரில் நுழைந்தன. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நான் இடது சக்கரத்தோடு பக்கவாட்டில் நடந்தேன். கணுக்கால், முழங்கால், தொடை. எனக்கு நீந்தத் தெரியாது. அந்த நினைப்பே அப்போது வரவில்லை.

சக்கரம் மெதுவாகச் சுற்றியது. நான் அடித்த ஈர மஞ்சள், நுரைக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. மிச்சமிருந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, அலையோடு எழும்பி, கரைப் பக்கம் போயின.

டிராக்டரின் பின்னால் மாட்டிய வடத்தின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழுமலை குதித்தார். அவர் தலை ஒரு அலைக்குள் காணாமல் போனது. அதற்கு அப்பால் எழுந்தது. அடுத்த அலையில் போனது. எழுந்தது. மனிதன் அப்படி நீந்துவதை நான் பார்த்ததில்லை. அலையோடு சண்டை போடாமல், அது வரும்போது அதன் அடியில் நுழைந்து, போன பிறகு மேலே வந்தார். கடைசியில் ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்தது. ஜீவா வடத்தை வாங்கிப் படகின் முன்பக்க வளையத்தில் கட்டினான்.

கரையில் கூட்டம் கத்தியது. "இஸ்து! இஸ்து! இஸ்து!"

தேசராணி இழுக்கவில்லை.

கிளட்சை மிதித்தபடி, கழுத்தைத் திருப்பி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய அலை வந்து எங்கள் மேல் மோதியது. எனக்கு நெஞ்சு வரை தண்ணீர். அவர் அசையவில்லை. இன்னொன்று வந்தது. கூட்டம் திட்டவே ஆரம்பித்துவிட்டது.

"சம்மந்தி, இழு!" என்று நானும் கத்தினேன்.

"போட்டு பள்ளத்துல கீது. இப்போ இஸ்த்தா மூக்க குத்திக்கினு கவுந்துரும். அலை அத்தத் தூக்கட்டும்."

அவர் குரலில் அவசரமே இல்லை. பெற்ற பிள்ளை அந்தப் படகில் இருக்கிறான். வடம் கையில் இருக்கிறது. ஊர் கத்துகிறது. அவர் ஒரு அலைக்காகக் காத்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், அலையை விட்டுவிட்டு நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அலை தூரத்திலேயே உயர்ந்து வந்தது. படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பியது.

கிளட்சை விட்டார்.

வடம் தண்ணீரை உதறிக்கொண்டு விறைத்தது. டிராக்டரின் முன்பக்கம் சற்றே மேலே தூக்கியது. பின் சக்கரங்கள் மணலைக் கடித்தன. டயரின் ஓரத்தைக் கண் இமைக்காமல் பார்த்தேன். ரப்பர் மடிந்தது. ரிம்முக்கும் அதற்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு திறந்தது. விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது.

"பிரியுது! பிரியுது!"

அதே கணத்தில் அவர் கிளட்சை மிதித்தார். வடம் தளர்ந்தது. கறுப்புக் கோடு மூடிக்கொண்டது. அலை படகை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தது.

"மூடிக்கிச்சா?"

"மூடிக்கிச்சு!"

"சொல்லிக்கினே இரு."

அதன் பிறகு அப்படித்தான் நடந்தது. அலை தூக்கும்போது இழுப்பார். ஓரம் திறந்தால் நான் கத்துவேன். அவர் விடுவார். மூடினால் சொல்வேன். அடுத்த அலைக்குக் காத்திருப்பார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் கடலைப் பார்க்கவில்லை. அவர் கண் அலையில், என் கண் சக்கரத்தில். ஒரே ஆளுக்கு நான்கு கண் முளைத்த மாதிரி இருந்தது எனக்கு.

படகு தரை தட்டியதும் கரையிலிருந்த எல்லோரும் வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கடைசி இழுப்பு. நீலப் படகு மணலில் ஏறிச் சாய்ந்து நின்றது. மூன்று பையன்களும் அதிலிருந்து உருண்டு விழுந்தார்கள். பின்னாலேயே ஏழுமலை தவழ்ந்து வந்து, மணலில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

தேசராணி வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். இறங்கி நடந்துபோய், குப்புறப் படுத்து உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்த மகனின் முதுகைத் தடவினார்.

"அடி பட்டுச்சா நைனா?"

"இல்லம்மா."

"மிஷினு கீதா?"

"கீதும்மா."

"எழுந்து வூட்டுக்குப் போ. தலையத் தொவட்டு."

அவ்வளவுதான். அப்புறம் அடுத்த படகை இழுக்க வண்டி வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். "காத்து புடிச்சிட்டு வரேன்" என்று என்னைப் பார்த்தார். கம்ப்ரசரை ஓடவிட்டோம். காற்று நிறைந்ததும் மீதிப் படகுகளையும் மேலே ஏற்றினார். வேலை ஓய்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நான் இடது சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன். ஈர மஞ்சளில் மணல் ரவை மாதிரி அப்பியிருந்தது. சில இடத்தில் உரிந்து பிரைமர் தெரிந்தது. ஷெட்டில் இப்படி ஒரு சக்கரத்தை வெளியே அனுப்பினால் மேஸ்திரி என்னை உள்ளேயே விடமாட்டார். நனைந்த ரிம்மின் மேல் கையை வைத்தேன். எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றேன். இரும்பு, ரப்பர், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத்தான் அதை எனக்குத் தெரியும். மூன்று உயிரைக் கடலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற பொருள் என்று தெரியாது.

வஞ்சிரம்

சாயங்காலம் மழை விட்டிருந்தது. தேசராணி வீட்டுப் பின்பக்கத்தில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்த வஞ்சிரம். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவரையே பார்த்தேன்.

திருவொற்றியூர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து நித்யா வந்தாள். கையில் குடை, தோளில் பை. தலையில் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்த புருஷனை எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இந்நேரத்துல தூங்கறாரு? ஏம்மா, சக்கரம் அடிச்சு முடிச்சாச்சா?"

நானும் தேசராணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு சக்கரம் திரும்ப அடிக்கணும்டி" என்றேன்.

"சாப்ட்டு எல்லாம் சொல்றோம், மொதல்ல மூஞ்சி கழுவு" என்றார் தேசராணி.

அவள் உள்ளே போனாள். தேசராணி அடுத்த துண்டை அரிந்தார்.

"இன்னா சம்மந்தி, அப்டி பாத்துக்கினு கீற?"

கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மாம் பெரிய அலை. உள்ள புள்ள கீறான். உனக்கு பயமே இல்லியா?"

அவர் கையில் துண்டு மீன் இருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"பயந்தா கிளட்ச் மிதிக்கக் காலு வராது. அப்பால பயந்துக்கலாம்னு வச்சிட்டேன்."

"அப்பாலன்னா?"

அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல் நுனி வரை நடுங்கிக்கொண்டிருந்தது. மீன் துண்டு வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"இப்பதான் பயந்துக்கினு கீறேன்" என்றார்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நகரு. நான் அரியறேன்."

அவர் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அரிவாள்மனை எனக்குப் பழக்கம்தான், ஆனால் அவ்வளவு பெரிய மீன் பழக்கமில்லை. முதல் துண்டு கோணலாக வந்தது.

கண்ணை மூடியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"தடியா அரியாத" என்றார். "இன்னும் கொஞ்சம் மெல்லிசா."

மெல்லிசாக அரிந்தேன். அவர் தோள் என் தோளில் சாய்ந்து, நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.